கையைச் சும்மா வைத்திருக்காத பிள்ளைக்கு என்ன பரிசு?

எல்லார் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். ரேடியோ வாங்கி வந்தால் பாட்டுக் கேட்க மாட்டார், ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார். நாற்காலிக் கால் ஆடினால் ஆசாரியைக் கூப்பிட விடமாட்டார். பண்டிகை வந்தால் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கெல்லாம் பரிசு வாங்கிவிடலாம், இவருக்கு என்ன வாங்குவது என்பதுதான் தலைவலி. சட்டை எடுத்துக் கொடுத்தால் "ம்" என்று வாங்கி வைத்துவிடுவார். பொம்மை கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அது நாலு துண்டாகக் கிடக்கும். (திட்டுவதில் பிரயோஜனம் இல்லை, அவர் அதை உடைக்கவில்லை, படித்துக்கொண்டிருக்கிறார்!)

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பெரும் பணக்காரர் ஆனவர்கள் உண்டு. நம்ம ஊர்ப்பக்கம் அதே கேள்விக்கு வேறு விதமாகப் பதில் வந்தது. அந்தப் பதிலுக்குள் ஒரு சங்கடமும் இருக்கிறது. கழுகுமலையில் இருந்து ஆரம்பித்தால் விஷயம் சுலபமாகப் புரியும்.

கழுகுமலை தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியில் இருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை கரிசல் காடு, நடுவில் ஒரு பாறை மலை. அந்த மலையில்தான் வெட்டுவான் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் இல்லை இது. மலையையே சுற்றிலும் வெட்டி இறக்கி, நடுவில் நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியது. விமானம் முடிந்திருக்கிறது. அடிப்பகுதி முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அப்பன் ஒரு சிற்பி, மகனும் ஒரு சிற்பி. அப்பன் மேலே ஒரு கோயில் வெட்டுகிறான், மகன் கீழே ஒரு கோயில் வெட்டுகிறான். மகன் முதலில் முடித்துவிட்டான். அந்தச் செய்தி காதில் விழுந்ததும் அப்பன் ஆத்திரத்தில் கையில் இருந்த உளியை வீசினான், மகன் செத்தான். மேல் கோயில் அரைகுறையாகவே நின்றுவிட்டது.

இது நடந்த கதை அல்ல. இப்படி அப்பன் மகனைக் கொன்ற சிற்பிக் கதைகள் வேறு கோயில்களுக்கும் உண்டு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த மகன் கையில் முதல் உளியைக் கொடுத்தது யார்? அப்பன்தானே! செய்யத் தெரிந்த கைக்கு ஒரு கருவியைக் கொடுப்பது லேசான காரியம் இல்லை, கொடுத்தவனை விட வாங்கினவன் நன்றாகச் செய்துவிடக்கூடும் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது.

அதே மலையில் இன்னொரு பக்கம் போனால் சமணச் சிற்பங்கள். தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாகப் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் சுமார் நூறு கல்வெட்டுகள். பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி. துறவிகளும், குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களும் மட்டும் அல்ல, தச்சர், குயவர், கொல்லர் என்று கைவேலைக்காரர்களும் அந்த வரிசையில் வருகிறார்கள். கவனிக்க வேண்டியது அந்த ஒரு சொல்: செய்வித்த. செய்த அல்ல, செய்வித்த. நாள் முழுக்க மரத்தையும் மண்ணையும் இரும்பையும் தானே செய்து பிழைத்த மனிதர்கள், கடவுளுக்கு என்று வரும்போது இன்னொருவர் கையால் செய்வித்துக் கொடுத்திருக்கிறார்கள். உளி பிடித்தவர் பெயரைவிடக் காசு கொடுத்தவர் பெயர்தான் கல்லில் நிற்கிறது.

பரிசு என்பதே அனேகமாக 'செய்வித்த' சமாச்சாரம்தான். கடைக்குப் போகிறோம், யாரோ செய்ததை வாங்கிக் கொடுக்கிறோம். கைவேலைப் பிரியருக்கு அது ஒட்டாது. அவர் எதிர்பார்ப்பது 'செய்த' என்ற பக்கத்துக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு பொருளை.

சரி, கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் அப்படி யார் என்ன கொடுத்தார்கள்? கடையில் வாங்கி ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை. பருவம்தான் கொடுத்தது. கோடையில் நுங்கு வெட்டினால் சீவிப் போட்ட கூந்தல் இரண்டு கிடைக்கும். நடுவில் ஒரு குச்சியைக் குத்தி, கவட்டைக் கம்பு ஒன்றை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. பனையோலையில் இரண்டு கீற்றை மடித்துக் குறுக்கே கோர்த்து, கருவேல முள்ளால் ஒரு குச்சியில் குத்திவிட்டால் காற்றாடி. எதிர்காற்றில் ஓடினால் போதும்.

எல்லாவற்றிலும் உசத்தி சோளத்தட்டை. கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைத்த சோளம் தை, மாசியில் அறுப்புக்கு வரும். கதிரை வாங்கிக்கொண்டு தட்டையை மாட்டுக்குப் படப்பாகப் போட்டு வைப்பார்கள். அந்தப் படப்பில் இருந்து ஒரு தட்டையை உருவி உரித்தால் இரண்டு பொருள் கிடைக்கும். மேலே ஈர்க்கு மாதிரி விறைப்பான பட்டை. உள்ளே மெத்தென்ற வெள்ளைத் தக்கை. தக்கையைத் துண்டு துண்டாக நறுக்கி, பட்டையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, தக்கையில் குத்தினால் நிற்கும். இந்தத் தக்கையில் குத்தின கீற்றின் மறுநுனியை அடுத்த தக்கையில் குத்தலாம். அவ்வளவுதான் வித்தை. மாட்டு வண்டி, கண்ணாடி (மூக்குக் கண்ணாடிதான்!), கட்டில், கோபுரம் எல்லாம் வரும். பட்டை சில நேரம் பிளேடு மாதிரி விரலைக் கிழித்துவிடும் என்பது மட்டும்தான் இதில் உள்ள ஆபத்து.

தட்டையில் இருப்பது இரண்டே இரண்டு: விறைப்பான கம்பி, மெத்தென்ற மூட்டு. உலகத்தில் கோடிக்கணக்கில் விற்ற 'செய்து விளையாடும்' பரிசுகள் பலவற்றிலும் கடைசியில் இந்த இரண்டுதான் இருக்கின்றன. பொங்கல் லீவில் படப்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

இனி கொஞ்சம் கடல் கடந்து போவோம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் ஃபிராங்க் ஹார்ன்பி என்று ஒரு குமாஸ்தா இருந்தார். இறைச்சி இறக்குமதி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. (வணிகவியல் படிப்பவர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.) தன் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே சின்னப் பாலம், பாரந்தூக்கி எல்லாம் செய்து கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தகடு வெட்டுவது பெரும்பாடு. ஒரு பொம்மைக்கு வெட்டினதைக் கழற்றி இன்னொரு பொம்மைக்குப் பயன்படுத்த முடிந்தால்? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு நீண்ட ரயில் பயணத்தில்தான் இந்த யோசனை உருவானது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். எல்லாத் தகடுகளிலும் சமமான இடைவெளியில், அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டுவிட்டார். எந்தத் தகட்டையும் எந்தத் தகட்டோடும் நட்டு போல்ட்டால் இணைக்கலாம். 1901ல் காப்புரிமை வாங்கினார். அதற்கான செலவுக்கு முதலாளியிடம் ஐந்து பவுண்டு கடன். முதலாளி பிறகு கூட்டாளியாகவே சேர்ந்துவிட்டார்! முதல் பெட்டியின் விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். 1907ல் அதற்கு மெக்கானோ என்று பெயர் வைத்தார்கள்.

ஹார்ன்பியின் உண்மையான சாமர்த்தியம் துளையில் இல்லை, விற்ற விதத்தில் இருக்கிறது. பெட்டிகளுக்கு நம்பர் போட்டார். இரண்டாம் நம்பர் பெட்டி வேண்டும் என்றால் முழுதாக வாங்க வேண்டியதில்லை. ஒன்றாம் நம்பர் வைத்திருப்பவர் ஒரு துணைப் பெட்டி வாங்கினால் அது இரண்டாம் நம்பர் ஆகிவிடும். அதாவது இந்த வருஷம் பரிசு வாங்கும்போதே அடுத்த வருஷப் பரிசும் முடிவாகிவிடுகிறது. மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் யோசிக்கிற வேலையே இல்லை. மார்க்கெட்டிங் வகுப்பில் மணிக்கணக்கில் சொல்லுகிற பாடத்தை ஒரு கணக்குப்பிள்ளை தகரத்தில் செய்து காட்டிவிட்டார்.

அமெரிக்காவில் இதே மாதிரி 1913ல் எரெக்டர் என்ற பெட்டி வந்தது. செய்தவர் ஏ.சி. கில்பர்ட். 1908 ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் தங்கம் வென்றவர். (ஆமாம், அவரேதான்.) முதல் உலகப்போர் நடக்கும்போது, 1918ல், கிறிஸ்துமஸுக்குப் பொம்மை விற்பதையே நிறுத்திவிடலாமா என்று அந்த நாட்டு அரசாங்கத்தின் பாதுகாப்புக் குழு யோசித்தது. இரும்பு யுத்தத்துக்குத் தேவை, பொம்மைக்கு எதற்கு? கில்பர்ட் பொம்மை மூட்டையோடு வாஷிங்டன் போனார். பிள்ளைகள் கையால் செய்து பழகினால்தான் நாளைக்கு நாட்டுக்கு இன்ஜினீயர் கிடைப்பான் என்று வாதாடினார். வாதத்தைவிட மூட்டைதான் அதிகம் வேலை செய்தது. பெரிய பெரிய அதிகாரிகள் தரையில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள் என்கிறார்கள். தடை வரவில்லை.

இந்தியாவுக்கும் மெக்கானோ வந்தது. வந்தாலும் யார் வீட்டுக்கு வந்திருக்கும்? துரைமார் வீடு, வக்கீல் வீடு, ஜமீன் வீடு. பின்னால் உள்நாட்டிலேயே மெக்கானிக்ஸ் என்ற பெயரில் அதே மாதிரிப் பெட்டிகள் செய்து விற்றார்கள், நடுத்தர வீடுகள் வரை அது எட்டியது. கழுகுமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்கிற வீட்டுக்கு எட்டவில்லை. நம் பக்கத்தில் கருவிக்கு என்று ஆயுத பூஜை உண்டு. அன்றைக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்து, ஓய்வு கொடுத்து, பிள்ளைகளுக்குப் பொரிகடலை கொடுப்பார்கள். ஆனால் அந்த நாளில் ஒரு பிள்ளைக்குப் புதுச் சுத்தியல் பரிசாகக் கொடுத்ததாகக் கேள்விப்படுவது அபூர்வம்!

இங்கேதான் தீப்பெட்டி உள்ளே வருகிறது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923ல் சிவகாசியில் தொழிற்சாலை தொடங்கினார்கள். முதலில் வெளிநாட்டு இயந்திரங்கள்தான். கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. மழை பொய்த்துப் பொய்த்துக் காய்ந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில், இயந்திரத்தைவிடக் கை மலிவு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை என்று கரிசல் முழுக்கத் 'தீப்பெட்டி ஆபீஸ்'கள் முளைத்தன. (தொழிற்சாலையை ஆபீஸ் என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். நாற்காலி மேஜையை எதிர்பார்த்துப் போகக்கூடாது.) எதிர்ப்பக்கத்தில் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனியின் விம்கோ பெரிய இயந்திரங்களோடு நின்றது. 1934ல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. கையால் செய்கிற சின்ன ஆபீஸ்களுக்கு வரி குறைவு என்ற சலுகை பிறகு பல வடிவங்களில் தொடர்ந்தது. வரிச் சலுகை வேண்டும் என்றால் சின்னதாகவே இருக்க வேண்டும். கையாலேயே செய்ய வேண்டும். வேலையை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் இன்னும் வசதி, கட்டட வாடகை கூட மிச்சம். கைத்தொழில் இவ்வளவு காலம் நின்றதற்குப் பாரம்பரியம், கைநேர்த்தி என்றெல்லாம் காரணம் சொல்லலாம். வரி அட்டவணையைப் பார்த்தால் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது.

கைவேலை என்றால் என்ன வேலை? குச்சி அடுக்குவது ஒன்று. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய மரப்பட்டிகளில், பள்ளத்துக்கு ஒரு குச்சியாகப் பரப்ப வேண்டும். பட்டி மேல் பட்டியாக ஒரு சட்டம் முழுக்க நிரப்பி இறுக்கினால், குச்சிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் தலை நீட்டும். அதை மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்கி எடுப்பார்கள். இன்னொன்று பெட்டி ஒட்டுவது. அடிப்பெட்டி, மேல்பெட்டி இரண்டும் தனித்தனி. பசை, காகிதம், மடிப்பு, வெயிலில் காயப் போடுவது. கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் வேகமான விரல் வேண்டும். சின்ன விரல் வேகமாக ஓடும்.

இவ்வளவு சொன்னால் போதும், அந்த விரல் யாருடையது என்று புரிந்திருக்கும். விடியுமுன்னே கிராமம் கிராமமாக வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. 1983ல் ஸ்மிது கோத்தாரி 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுதிய கட்டுரைக்கு, அந்தத் தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்ற பொருளில் தலைப்பு வைத்தார். 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1990ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் குழந்தையின் நலனுக்கான நிதியாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016 திருத்தம், சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்றது. பள்ளிக்கூடம், சத்துணவு, கண்காணிப்பு, இயந்திரங்கள் என்று பல காரணம் சேர்ந்து நிலைமை மாறியது. இன்றைக்குக் கரிசல் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலர் இப்போது அந்தப் பெண்களாக இருக்கிறார்கள்.

இப்போது இதே காலத்தில், இதே தீக்குச்சி, வேறு ஒரு ஊரில் என்ன ஆனது என்று பார்க்கலாம். அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். புனேயில் டெல்கோ லாரிக் கம்பெனியில் இன்ஜினீயர். 1978ல் ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கம் போனார். அங்கே 1972ல் தொடங்கிய ஒரு அறிவியல் திட்டம், கிராமப் பள்ளிகளில் பாடத்தைச் செய்து பார்த்துக் கற்க வைத்துக்கொண்டிருந்தது. செய்து பார்க்கப் பொருள் வேண்டுமே? மெக்கானோ வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? குப்தா வாரச் சந்தையைச் சுற்றினார். அவருக்குக் கிடைத்தது சைக்கிள் வால் டியூப், அதாவது டயருக்குக் காற்றடிக்கிற இடத்தில் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சியை ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று எனச் செருகினால் வளைகிற மூட்டு தயார். துண்டின் நடுவில் முள்ளால் துளை போட்டு மூன்றாவது குச்சியைச் செருகினால் மூன்று பக்க மூட்டு. முக்கோணம் செய்தால் அசையாமல் நிற்கும். சதுரம் செய்தால் தொட்டதும் சாயும். குறுக்கே ஒரு குச்சி போட்டால் அதுவும் நிமிரும். பாலத்திலும் மின் கம்பக் கோபுரத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் விரலிலேயே இருக்கிறது. தீக்குச்சி மெக்கானோ!

ஏகலைவா அமைப்பு வெளியிட்ட அவருடைய தீக்குச்சி மாதிரிகள் புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. 2003ல் இருந்து பத்து வருஷத்துக்கு மேல் புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையத்தில் குழந்தைகளுக்கான அறிவியல் மையத்தில் இருந்தார். 2018ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கமும், அதன் 'துளிர்' சிறுவர் இதழும் இந்த மாதிரியான செலவில்லாச் சோதனைகளை ஊர் ஊராகக் கொண்டு போயின.

தீக்குச்சி பெரும்பாலும் எங்கே இருந்து வந்தது? கையால் செய்த தீப்பெட்டி என்றால் இந்தியா முழுக்க அதன் பெரும் பங்கு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம்தான். ஆக, 1980களில் ஒரு கிராமத்துப் பிள்ளை மத்தியப் பிரதேசத்தில் தீக்குச்சியை மூட்டில் செருகி முக்கோணம் செய்து சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் குச்சியைப் பட்டியில் அடுக்கியது கரிசலில் உள்ள அதே வயதுப் பிள்ளையாக இருந்திருக்கலாம். ஒருத்தருக்கு அது விளையாட்டு, இன்னொருத்தருக்கு அது குரோஸ் கணக்கு. இது குப்தாவின் குற்றம் இல்லை. அவர் ஏழைப் பிள்ளைக்கு எட்டுகிற பொருளைத் தேடினார், அவருக்கு எட்டியது அது. அந்தப் பொருள் ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது என்பது வேறு கேள்வி. மலிவு என்றால் யாரோ ஒருத்தர் கையில் இருந்து அந்த வித்தியாசம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று காஸ்ட் அக்கவுண்டிங்கில் சொல்லித் தருவது இல்லை. அதில் கூலி என்பது ஒரு வரி, அவ்வளவுதான்.

சரி, முதல் கேள்விக்குத் திரும்பலாம். கையைச் சும்மா வைத்திருக்காத பிள்ளைக்குப் பண்டிகைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

பணம் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கு வழி ஆயிரம். பெட்டி பெட்டியாகக் கிட் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பெட்டியின் மேல் படத்தில் இருக்கிற ஒன்றை மட்டுமே செய்ய முடிகிற கிட் என்றால் அது பொம்மைதான், பிரித்து வைத்த பொம்மை. ஹார்ன்பியின் தகட்டில் பாலமும் செய்யலாம், பாரந்தூக்கியும் செய்யலாம். எதைச் செய்வது என்ற முடிவு வாங்கினவன் கையில் இருந்தது. சோளத்தட்டையிலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு வாங்குவது என்றாலும் இதே கணக்குதான். துளை போடும் இயந்திரத்தை அவர் ஏற்கனவே வைத்திருப்பார், அதற்குத் தேவையான பிட் வாங்கிக் கொடுங்கள், அது அடிக்கடி உடையும். நல்ல மரப்பலகை ஒரு துண்டு, நல்ல கத்தரிக்கோல், நல்ல பசை, இவையெல்லாம் சட்டையைவிட அதிக நாள் பேசப்படும். அவர் வைத்திருக்கும் கருவியையே இன்னொன்று வாங்கிக் கொடுப்பதுதான் பெரிய தவறு. அவருக்குத் தன் கருவிதான் உசத்தி, உங்களுடையது பெட்டியிலேயே தூங்கும்.

பணம் இல்லாதவர்களுக்குத் தீக்குச்சி மெக்கானோ இன்னும் இருக்கிறது. ஒரு தீப்பெட்டி பல வருஷம் ஒரு ரூபாய் விற்றது, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. வால் டியூபுக்குத்தான் இப்போது கொஞ்சம் அலைய வேண்டும், புது மாதிரி வால்வு வந்த பிறகு எல்லாச் சைக்கிள் கடையிலும் அது இருப்பதில்லை, பழைய கடையாகப் பார்த்துக் கேட்க வேண்டும். முள் எங்கேயும் கிடைக்கும், கரிசலில் கருவேலத்துக்குப் பஞ்சமே இல்லை. கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் உட்கார்ந்து மருந்தைச் சுரண்ட வேண்டும், இங்கே தெரிந்த தீப்பெட்டி ஆபீஸில் கேட்டால் மருந்து முக்காத வெறுங்குச்சியே ஒரு கை அள்ளிக் கொடுப்பார்கள். பாதுகாப்பும் கூட.

ஆனால் கழுகுமலைப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மா காலையில் இருந்து சாயங்காலம் வரை குச்சியைப் பார்த்துவிட்டு வருகிறார். அதே அம்மாதான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் குச்சி அடுக்கியவர். அவர் பிள்ளைக்குப் பொங்கல் பரிசு என்று வண்ணத்தாளில் சுற்றித் தீக்குச்சியைக் கொடுத்தால் அந்த அம்மாவின் முகம் எப்படி இருக்கும்? தன் பிள்ளை விரலில் அந்தக் குச்சி படவே கூடாது என்றுதானே அவர் இத்தனை வருஷம் உழைத்தார்! பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். பரிசு என்பது வாங்குகிற கைக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்கும் சேர்த்துத்தான். இன்னொரு அம்மா நேர்மாறாகவும் நினைக்கலாம். "நான் கூலிக்கு அடுக்கினதை இவன் விளையாட்டுக்கு அடுக்குகிறான்" என்று சிரிக்கலாம். எந்த அம்மா என்று தெரிந்துகொள்ளாமல் கொடுப்பதில்தான் தப்பு இருக்கிறது.

தெரியாத பட்சத்தில், மூட்டை மட்டும் வைத்துக்கொண்டு குச்சியை மாற்றிவிடலாம். வால் டியூபுக்குள் தீக்குச்சிதான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. தென்னை ஈர்க்கு நன்றாகப் போகும். கிணற்றடித் தென்னையில் விழுந்த ஓலை ஒன்று போதும், விளக்குமாற்றில் உருவினால்தான் ஏச்சு விழும். சோளத்தட்டையின் பட்டையை ஒழுங்காகக் கிழித்தால் அதுவும் போகும். ஒரு அடி வால் டியூபும், நாலு தட்டையும், ஒரு சின்னக் கத்தரிக்கோலும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் தாத்தா காலத்துப் பட்டைக்கு ரப்பர் மூட்டும் சேர்ந்துவிடுகிறது. தக்கையை வீணாக்க வேண்டியதும் இல்லை, வண்டிக்குச் சக்கரம் வேண்டுமே.

கத்தரிக்கோலுக்கும் டியூபுக்கும்தான் காசு. தட்டைக்குக் காசு கிடையாது. தை அறுப்பு முடிந்து படப்புப் போட்ட வீடாகப் பார்த்துக் கேட்க வேண்டும், அதுவும் மாடு தின்பதற்கு முன்னால்.